‘கூட’ என்று ஒரு சொல்

எங்கள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரில் பதித்த சின்ன அலமாரி ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் அதில் ஊறுகாய் ஜாடிகள் இருக்கும். சென்ற வருஷம் ஐப்பசி மாதம் வரையில் அதில் 11 புட்டிகள் இருந்தன. அவற்றில் ஒன்றையாவது நான் காசு கொடுத்து வாங்கியதில்லை. எல்லாம் அன்பின் பேரால் வந்து சேர்ந்தவை.

அந்தப் புட்டிகளின் கதையைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. கதை குடலைப் பற்றியது. இருபது வருஷமாக நாவல் எழுதி வருகிறேன். என் பாத்திரங்கள் நெஞ்சு வலியில் செத்திருக்கிறார்கள், காய்ச்சலில் பிதற்றியிருக்கிறார்கள், மனம் உடைந்து கடற்கரையில் நடந்திருக்கிறார்கள். ஆனால் ஒருவருக்காவது குடல் என்று ஒன்று இருந்ததாக நான் எழுதியதில்லை. அந்த அலட்சியத்துக்குத் தண்டனை போல எனக்கே குடலில் வந்து உட்கார்ந்துகொண்டது வியாதி.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்தது. பெருங்குடலின் உட்புறம் முழுவதும் சிவந்து புண்ணாகி, ரத்தமும் சீதமுமாக நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை எழுந்து ஓட வேண்டியிருந்தது. சீதபேதி என்று நினைத்துச் சுண்டைக்காய் வற்றலும் மாதுளந்தோல் கஷாயமுமாக ஒரு மாதத்தைக் கழித்தேன். கடைசியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், “அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்” என்றார். 1859ல் லண்டனில் சாமுவேல் வில்க்ஸ் என்ற டாக்டர், இது சீதபேதியோடு சேர்ந்ததல்ல, தனி வியாதி என்று பிரித்துச் சொன்னாராம். இதற்கு ஒரு தம்பியும் உண்டு. 1932ல் நியூயார்க்கில் பரில் குரோன் என்பவரும் அவருடைய சகாக்கள் இருவரும் சேர்ந்து விவரித்ததால் அதற்குக் குரோன் வியாதி என்று பெயர் வந்துவிட்டது. அண்ணன் பெருங்குடலோடு நின்றுவிடுவான். தம்பி வாய் முதல் கடைசி வரையில் எங்கே வேண்டுமானாலும் குடியேறுவான். இரண்டுமே உடம்பைக் காக்க வேண்டிய காவல்படை தன் வீட்டுச் சுவரையே பகைவன் என்று எண்ணி இடிப்பதால் வருபவை. ஏன் அப்படி எண்ணுகிறது என்பதற்கு வைத்திய உலகம் இன்னும் முழுக் காரணம் கண்டுபிடிக்கவில்லை.

இந்த வியாதிக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. வரும், போகும். போனது போலவே இருக்கும். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், உடம்பில் இப்படி ஒன்று இருப்பதே மறந்து போகும். பிறகு ஒரு நாள் காலையில், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற கடன்காரனைப் போல வாசலில் நிற்கும். இந்தக் குணத்தை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரப்போகிற என் முட்டாள்தனத்துக்கெல்லாம் இதுதான் வேர்.

டாக்டர் எனக்கு மெசலமின் என்ற மாத்திரையைக் கொடுத்தார். மூன்று மாதத்தில் தேறினேன். “நல்லாயிட்டுதுன்னு நிறுத்திடாதீங்க சார். நல்லா இருக்கிறதுக்காகத்தான் இந்த மாத்திரை” என்று அப்போதே சொன்னார். என்னைவிடப் பத்து வயது சின்னவர் அந்த அம்மாள். நிதானமாகப் பேசுவார். ஐந்து வருஷம் அவர் சொன்னபடியே இருந்தேன். திருச்சியிலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போய் வந்தேன், கூட்டங்களில் பேசினேன், இரண்டு தொடர்கதைகள் எழுதி முடித்தேன்.

நன்றாக இருக்கிற மனிதனிடம்தான் எல்லோரும் யோசனை சொல்லுகிறார்கள். படுத்துக் கிடப்பவனிடம் சொன்னால் பலித்ததா என்று மறுநாளே தெரிந்துவிடுமல்லவா?

என் மனைவியின் தம்பி அமெரிக்காவில் இருக்கிறான். சித்திரை மாதம் வந்தபோது இரண்டு பெரிய புட்டிகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். “அத்தான், இது கர்க்குமின். நம்ம மஞ்சளோட சத்து. அங்கே எல்லாரும் சாப்பிடறாங்க. இது மீன் எண்ணெய், மணமே இருக்காது” என்றான். என் பதிப்பாளர், நல்ல கிருமிகள் அடங்கிய காப்ஸ்யூல் ஒரு புட்டி அனுப்பினார். வயிற்றில் கெட்ட கிருமிகளை இவை விரட்டிவிடும் என்று சீட்டு வேறு. எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தாசில்தார் கற்றாழைச் சாறு கொடுத்தார். என்னோடு படித்த ஒருவர் இரும்புச் சத்து டானிக்கும் பி-12 மாத்திரையும் வாங்கி வந்தார். டி வைட்டமின், கால்சியம், பல வைட்டமின்கள் கலந்த மாத்திரை, இசப்கோல் என்று ஒவ்வொன்றாக வந்தன. பதினோராவது, ஒரு வாசகர் தன் ஊர் வைத்தியரிடம் வாங்கி அனுப்பிய சூரணம். பச்சையும் பழுப்புமாக இருந்தது. புட்டியின்மேல் பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை.

பன்னிரண்டாவதாக ஒன்று உண்டு. அது புட்டியில் வரவில்லை. கும்பகோணத்திலிருந்து என் அக்காள் மாதா மாதம் யாரிடமாவது கொடுத்தனுப்பும் மஞ்சள்பொடி. விரலி மஞ்சளை வாங்கி, வேகவைத்து, வெயிலில் காயவைத்து, தானே அரைத்தது. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். எனக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டால் அவளுக்கு ஏதாவது அரைத்தாக வேண்டும்.

ஒரு நாள் கைப்பேசியில் யாரோ அனுப்பிய செய்தி ஒன்றைப் படித்தேன். ஜப்பானில் பெருங்குடல் புண் உள்ளவர்களுக்கு மஞ்சளின் சத்தைக் கொடுத்துப் பார்த்தார்களாம். கொடுத்தவர்களுக்கு வியாதி திரும்புவது வெகுவாகக் குறைந்ததாம். படித்ததும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நம் அக்காள் அரைக்கிற மஞ்சளை ஜப்பான்காரன் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று மனைவியிடம் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். அன்றிலிருந்து காலையில் மூன்று, இரவில் மூன்று கர்க்குமின் காப்ஸ்யூல்.

ஆடி மாதக் கடைசியில் மெசலமின் தீர்ந்துபோயிற்று. வாங்கி வர வேண்டும் என்று நினைத்தேன். வாங்கவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. ஐந்து வருஷமாக மருந்து, மருந்து என்று தின்றுகொண்டிருக்கிறோமே, இனி இயற்கையாக இருந்து பார்ப்போம் என்று ஒரு நினைப்பு. ‘இயற்கை’ என்ற வார்த்தைக்கு அப்படி ஒரு மயக்கம் இருக்கிறது. மனைவியிடம் சொல்லவில்லை. பழைய மாத்திரைப் பெட்டியை அலமாரியில் அப்படியே வைத்திருந்தேன், காலியாக.

ஆவணி நன்றாகப் போயிற்று. புரட்டாசியும் போயிற்று. இயற்கை ஜெயித்துவிட்டதென்றே நினைத்தேன்.

ஐப்பசியில் அக்காளின் கடைசிப் பெண்ணுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம். நான் தாய்மாமன். மாலை எடுத்துக் கொடுப்பதிலிருந்து மணவறைக்குப் பெண்ணை அழைத்து வருவது வரை என் பொறுப்பு. முதல் நாள் ராத்திரியே வயிற்றில் ஒரு முறுக்கல். பயணக் களைப்பு என்று இரண்டு காப்ஸ்யூலை அதிகமாகப் போட்டுக்கொண்டேன். விடியற்காலையில் ரத்தம் கண்டது. முகூர்த்தத்துக்குள் எட்டுத் தடவை. கெட்டிமேளம் கொட்டியபோது நான் மண்டபத்தின் பின்புறம், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாதசுரம் காதில் நன்றாகக் கேட்டது. வெளியே வந்தபோது அட்சதை வாழையிலைகளுக்கு நடுவே சிதறிக் கிடந்தது. அக்காள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபமில்லை, பயம்.

அன்று இரவே காரில் திருச்சிக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.4 என்று எழுதினார்கள். நரம்பில் ஸ்டீராய்டு ஏற்ற ஆரம்பித்தார்கள். டாக்டர் வந்து கட்டிலருகில் நின்று, “மாத்திரை ஒழுங்காச் சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்களா சார்?” என்று கேட்டார்.

“ஓ!” என்றேன்.

“வேற ஏதாவது? டானிக், நாட்டு மருந்து, யாராவது கொடுத்தது?”

“ஒன்றுமில்லை.”

நாற்பது வயதுக்குமேல் ஆன, புத்தகம் எழுதுகிற மனிதன், பள்ளிக்கூடப் பையனைப் போலப் பொய் சொன்னேன். ஏன் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். திட்டுவார் என்ற பயமில்லை. அவர் மருந்தை நான் நம்பவில்லை என்று தெரிந்தால் வருத்தப்படுவாரே என்ற தாட்சண்யம்; அத்தனை பேர் அன்போடு கொடுத்ததை ஒரு டாக்டரின் முன்னால் கொட்டி அவமானப்படுத்துவதா என்ற இன்னொரு தாட்சண்யம். இரண்டு தாட்சண்யத்துக்கும் நடுவே என் குடல் அகப்பட்டுக்கொண்டது.

மறுநாள் காலையில் என் மனைவி துணிப்பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்டர் வருகிற வரையில் பேசாமல் இருந்தாள். வந்ததும் மருந்து வண்டியின் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். 11 புட்டிகள். கடைசியில் மெசலமின் பெட்டியை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

“ஆடி மாசத்து ரசீதுக்கப்புறம் கடை ரசீதே இல்லைம்மா. நேத்து ராத்திரிதான் பார்த்தேன்” என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு புட்டிகளைப் பிரித்து வைக்க ஆரம்பித்தார், அரிசியில் கல் பொறுக்குவது போல.

இரும்பு டானிக், டி வைட்டமின், கால்சியம் ஆகிய மூன்றையும் வலது பக்கம் தள்ளினார். “இதெல்லாம் உங்க உடம்பிலே இல்லாததைக் கொடுக்கிறது. ரத்தம் போனதனாலே இரும்பு குறைஞ்சிருக்கு. ஆனா குடல் இவ்வளவு சிவந்திருக்கறப்போ வாய்வழியாக் கொடுத்தா ஒத்துக்காது. இப்போ நரம்பு வழியா ஏத்திடலாம். ஸ்டீராய்டு சாப்பிடற வரைக்கும் எலும்பு தேயாம இருக்க டி-யும் கால்சியமும் வேணும்” என்றார். பிறகு, “டானிக்கை எப்போ சாப்பிட்டீங்க?” என்று கேட்டார்.

“காலையில், காபிக்கு முன்னால்.”

“காபி இரும்பை உடம்பிலே சேர விடாது சார். ஒரு கையாலே கொடுத்து மறு கையாலே பிடுங்கியிருக்கீங்க.”

கற்றாழைச் சாற்றையும் பெயரில்லாத சூரணத்தையும் இடது பக்கம் தள்ளினார். கற்றாழைத் தோலுக்கடியில் இருக்கும் மஞ்சள் பால் பேதிக்குக் கொடுப்பது. சாறு பிழிகிறபோது அது கலந்துவிட்டால் ஏற்கெனவே ஓடுகிறவனை இன்னும் விரட்டும். சூரணத்தில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. பெயரில்லாமல் விற்கிற பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பல தடவை பரிசோதனைகளில் அகப்பட்டிருக்கிறது என்றார்.

பி-12, பல வைட்டமின் மாத்திரை, இசப்கோல், நல்ல கிருமி, மீன் எண்ணெய் ஐந்தும் நடுவில் நின்றன. “பி-12ஐ உறிஞ்சறது சிறுகுடலோட கடைசிப் பாகம். குரோன் வியாதியிலே அந்த இடம் கெட்டுப் போனாலோ, வெட்டி எடுத்தாலோ, பி-12 கொடுத்தே ஆகணும். பெரும்பாலும் ஊசியாக் கொடுப்போம். உங்களுக்கு அந்த இடம் நல்லாருக்கு, ரத்தத்திலேயும் அளவு சரியா இருக்கு. மத்ததெல்லாம் பெரிய கெடுதலும் இல்லை, பெரிய நன்மைக்கு ருசுவும் இல்லை. காசு தண்டம்.”

பதினோராவது புட்டி, கர்க்குமின், அவர் கையிலேயே இருந்தது. எந்தப் பக்கமும் வைக்கவில்லை. சின்ன எழுத்துகளைப் படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். இந்தப் பொருள் எந்த வியாதியையும் கண்டறியவோ, குணப்படுத்தவோ, தடுக்கவோ உத்தேசித்ததல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அமெரிக்காவில் 1994ல் வந்த சட்டப்படி இத்தகைய புட்டிகள் உடம்புக்கு நல்லது என்று ஏதாவது சொல்லிக்கொண்டால் இதையும் கூடவே சொல்லியாக வேண்டும். நம் நாட்டிலும் இப்படிப்பட்டவற்றின்மேல் ‘மருத்துவ உபயோகத்துக்கு அல்ல’ என்று போட வேண்டுமென்பது விதி. தயாரித்தவனே கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருந்தான். நான்தான் படிக்கவில்லை.

“ஜப்பானில் பரிசோதனை செய்து பார்த்தார்களே, டாக்டர்?” என்றேன் ஈனசுரத்தில்.

“செஞ்சாங்க. முழுசாப் படிச்சீங்களா?”

படிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் படுத்திருந்தபோது படித்தேன். அந்தப் பரிசோதனை வெளிவந்தது 2006ல். அதில் கலந்துகொண்டவர்கள் 89 பேர். ஒரு பாதிக்கு நாளைக்கு 2 கிராம் கர்க்குமின். மறு பாதிக்கு அதே போலத் தோன்றும் வெறும் மாத்திரை. ஆறு மாத முடிவில், கர்க்குமின் சாப்பிட்ட 43 பேரில் 2 பேருக்கு வியாதி திரும்பியது. மற்ற 39 பேரில் 8 பேருக்குத் திரும்பியது. செய்தி பொய்யில்லை. ஆனால் அந்த 89 பேருமே தங்கள் வழக்கமான மருந்தை, மெசலமினையோ அதன் மூத்த சகோதரனையோ, ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அதன் கூடத்தான் கர்க்குமின்.

‘கூட.’ அந்தச் சொல் கைப்பேசிச் செய்தியில் விட்டுப்போயிருந்தது. ‘கூட’ இருந்த இடத்தில் நான் ‘பதிலாக’ என்று போட்டுக்கொண்டேன். என் கதையில் ஒரு கால்புள்ளியை எடுத்துவிட்டால் பத்திரிகை ஆபீசுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்கிறவன் நான். என் உடம்பைப் பற்றிய வாக்கியத்தில் ஒரு முழுச் சொல் போனது தெரியவில்லை.

மேலே படிக்கப் படிக்க அந்தச் சொல்லையே மறுபடி மறுபடி சந்தித்தேன். 2015ல் இஸ்ரேலிலும் ஹாங்காங்கிலும் சைப்ரஸிலும் சேர்ந்து நடத்திய பரிசோதனையில், மெசலமினை முழு அளவில் சாப்பிட்டும் அடங்காதவர்கள் 50 பேர். கர்க்குமின் 3 கிராமும் கூடச் சேர்த்துக் கொடுத்த 26 பேரில் 14 பேருக்கு ஒரு மாதத்தில் அடங்கியது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 24 பேரில் ஒருவருக்கும் அடங்கவில்லை. அங்கேயும் ‘கூட’தான். 2017ல் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரிக்காரர்கள் நாளைக்கு 450 மில்லிகிராம் மட்டும் கொடுத்துப் பார்த்ததில் வித்தியாசமே தெரியவில்லை.

மச்சினன் கொண்டுவந்த புட்டியில் மிளகுச் சத்தும் கலந்திருந்தது. 1998ல் பெங்களூரில் செய்த ஆராய்ச்சியில், மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் கர்க்குமின் ரத்தத்தில் ஏறுவது 20 மடங்கு அதிகமாகிறது என்று கண்டார்கள். அது நன்மை என்று நினைத்துத்தான் உலகமெங்கும் புட்டிகளில் சேர்க்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் 2022ல் வெளியான ஓர் அறிக்கையில், மஞ்சள் காப்ஸ்யூல் சாப்பிட்டு ஈரல் வீங்கிய 10 பேரைப் பற்றி எழுதியிருந்தார்கள். 5 பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள், ஒருவர் இறந்துபோனார். கோடிக்கணக்கான பேர் சாப்பிடுகிற பொருளில் 10 பேர் என்பது சின்னக் கணக்குத்தான். ஆனாலும் இயற்கை என்பதற்காக ஈரல் சலுகை காட்டுவதில்லை என்பது அதிலிருந்து தெரிகிறது.

ஜப்பானியர்கள் நீலச் சாயப் பொடியைக்கூட விட்டு வைக்கவில்லை. நம்மூர் அவுரியைப் போன்ற செடிகளிலிருந்து எடுத்துச் சீன வைத்தியத்தில் கொடுத்து வந்தது அது. 2018ல் வெளியான பரிசோதனையில் 86 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பெருங்குடல் புண்ணுக்கு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதைச் சாப்பிட்டு வந்த வெளி நோயாளி ஒருவருக்கு நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் ஏறியதாகத் தகவல் வந்ததும் பரிசோதனையை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். குணம் செய்யும் வலு உள்ள எதற்கும் கெடுதல் செய்யும் வலுவும் இருக்கத்தான் இருக்கிறது.

மீன் எண்ணெயின் கதை எனக்கு இன்னும் நல்ல பாடமாக இருந்தது. 1996ல் இத்தாலியில் குரோன் வியாதிக்காரர்கள் 78 பேரை வைத்துச் செய்த பரிசோதனையில், மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களில் 100க்கு 59 பேர் ஒரு வருஷம் சௌக்கியமாக இருந்தார்கள். சாப்பிடாதவர்களில் 26 பேர்தான். உலகமே கொண்டாடியது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2008ல், 700 பேருக்கு மேல் வைத்து இரண்டு பெரிய பரிசோதனைகள் வெளிவந்தன. ஒன்றில், எண்ணெய் சாப்பிட்டவர்களில் 100க்கு 32 பேருக்கும் சாப்பிடாதவர்களில் 36 பேருக்கும் வியாதி திரும்பியது. மற்றொன்றில் 48, 49. அநேகமாக வித்தியாசமே இல்லை.

இதிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. வந்து போகிற வியாதி இது என்று முன்பு சொன்னேன் அல்லவா? அது தானாகத் தணிகிற வேளையில் யார் பக்கத்தில் நிற்கிறாரோ, அவர் கழுத்தில் மாலை விழுந்துவிடுகிறது. ஆவணியும் புரட்டாசியும் நான் சௌக்கியமாக இருந்ததற்கு மாலையைக் கர்க்குமினுக்குப் போட்டேன். உண்மையில் அது ஐந்து வருஷம் சாப்பிட்ட மெசலமின் விட்டுச் சென்ற மிச்ச சொத்து. அப்பன் சம்பாதித்ததைத் தின்றுகொண்டே பிள்ளை தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்வது போலத்தான் நான் இருந்தேன்.

அந்த மெசலமினுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1940ஐ ஒட்டிய வருஷங்களில் ஸ்வீடனில் நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் டாக்டர் மூட்டு வாதத்துக்காக, இரண்டு மருந்துகளை ஒன்றாகப் பிணைத்த புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். அது குடல் புண்ணுக்கும் நன்றாகக் கேட்டது. பிணைந்த இரண்டில் எது வேலை செய்கிறதென்று முப்பது வருஷத்துக்குமேல் தெரியாமலே இருந்தது. 1977ல் ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ் என்பவரும், வங்காள தேசத்திலிருந்து அங்கே ஆராய்ச்சி செய்யப் போன ஆசாத் கான் என்ற டாக்டரும் இரண்டு பாதிகளையும் தனித்தனியே நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்து, வேலை செய்கிற பாதி இன்னது என்று சொன்னார்கள். அந்தப் பாதிதான் மெசலமின். எத்தனையோ பேர் உடம்பைக் கொடுத்துக் கண்டுபிடித்த பாதியை, நான் கடைக்குப் போகச் சோம்பி விட்டுவிட்டேன். 2003ல் அமெரிக்காவில் வெளியான கணக்கொன்று உண்டு. இதே வியாதி அடங்கியிருந்த 99 பேரைக் கவனித்து வந்ததில், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களுக்கு வியாதி திரும்பாமலிருக்க 100க்கு 89 பங்கு வாய்ப்பு, விட்டவர்களுக்கு 39தான். அந்தப் பட்டியலில் நான் எந்தப் பக்கம் என்பதைக் கல்யாண மண்டபத்தில் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் அக்காள் வந்தாள். கட்டுச் சாதம் இல்லை, மஞ்சள்பொடி இல்லை, வெறுங்கையோடு வந்தாள். அவள் வெறுங்கையோடு வந்து நான் பார்த்ததில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, “நான் கொடுத்த மஞ்சள்தான் தம்பி உன்னைப் படுக்கையிலே போட்டுது. மஞ்சள் மஞ்சள்னு உனக்குப் பைத்தியம் பிடிக்க வச்சது நான்தான்” என்று அழுதாள்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவள் பெண்ணின் தாலிகட்டுக்கு நான் நிற்கவில்லை. அவளானால் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்.

“அக்கா, ஒரு ஸ்பூன் மஞ்சள்பொடி மூன்று கிராம் என்றால் அதில் கர்க்குமின் நூறு மில்லிகிராம் தேறினால் அதிகம். உன் மஞ்சள் யாரையும் படுக்கையில் போடாது. நான்தான் மருந்தை நிறுத்தினேன்” என்றேன்.

“மருந்தை ஏண்டா நிறுத்தினே?”

இந்தக் கேள்வியை டாக்டர்கூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்து உண்மையைச் சொன்னேன். அந்த மாத்திரையைப் பார்க்கும்போதெல்லாம் நான் நோயாளி என்று ஞாபகம் வருகிறது. நீங்கள் கொடுத்த புட்டிகளைப் பார்த்தால் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று ஞாபகம் வருகிறது. இரண்டில் ஒன்றை விட வேண்டுமென்று தோன்றியபோது முதலாவதை விட்டேன்.

அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ரெண்டையும் வச்சுக்கிறதுக்கென்னடா?” என்றாள்.

நான் ஆறு நாள் படித்துத் தெரிந்துகொண்டதை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

இப்போது ஸ்டீராய்டு நின்றுவிட்டது. மெசலமின் தொடர்கிறது. கர்க்குமினைப் பற்றி டாக்டர், “இப்போ வேண்டாம். ஈரல் பரிசோதனை பார்த்துட்டு, தேவைப்பட்டா, மிளகுச் சத்து இல்லாததா, மெசலமின் கூடச் சேர்த்து யோசிக்கலாம்” என்றிருக்கிறார். ‘கூட’ என்பதை அழுத்திச் சொன்னார். கற்றாழையும் சூரணமும் குப்பைக்குப் போயின. தாசில்தாரிடம் டாக்டர்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொண்டேன். மச்சினனுக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். அவனுக்கு வருத்தம்தான், அடுத்த தடவை பேனா வாங்கி வருகிறேன் என்று பதில் போட்டான்.

அலமாரிக் கதவின் உட்புறத்தில் என் மனைவி ஒரு காகிதத்தை ஒட்டியிருக்கிறாள். நான் வாயில் போடுகிற எல்லாவற்றின் பெயரும், அளவும், வேளையும் அதில் இருக்கின்றன. டாக்டரிடம் போகும்போது அதைப் பிரதி எடுத்துக் கொண்டுபோக வேண்டுமென்பது அவள் உத்தரவு. யார் எது கொடுத்தாலும் மறுக்க வேண்டாம், முதலில் காகிதத்தில் ஏறட்டும், டாக்டர் பார்க்கட்டும், பிறகு வாயில் ஏறலாம். இந்த ஏற்பாட்டில் யாருடைய அன்பும் நோகவில்லை. என் குடலும் நோகவில்லை.

சென்ற மாதம் அக்காள் வந்திருந்தபோது அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பென்சிலை எடுத்து அடியில் ஏதோ எழுதினாள். நான் கவனிக்காமல் அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்விட்டேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சிவப்பு மசியில் சரி போட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரியில் சற்று நின்றார். எட்டிப் பார்த்தேன்.

‘அக்கா கொடுக்கும் மஞ்சள் – ரசத்தில் மட்டும்’ என்றிருந்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்கும் ஒரு சரி போட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.